ரேகையிழந்த கொத்தனார் கைப்பேசியொடு பொருத படலம்

வாழ்க கொத்தனார்! கரணை ஏந்திய வலக்கையும் மட்டக்கோல் தாங்கிய இடக்கையும் உடையவர், கோணிய சுவர்களுக்குக் கூற்றுவன், ஒழுகும் கூரைகளுக்கு உற்ற துணைவன் ஆகிய அப்பெருந்தகை, மனையாளை ஒரு வார்த்தை கேளாமல் புத்தம்புதுக் கைப்பேசியொன்றை வாங்கிவந்து அதன் குணங்குற்றங்களைச் சீர்தூக்கிய வரலாற்றை உரைக்கப் புகுகிறோம். சொற்களே, முதுகு வளையாமல் வரிசையில் நில்லுங்கள்.

கேளாமல் வாங்கியதால் அவ்வில்லத்தில் மௌனப்போர் மூண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைக்கும் ஓசை ஒன்றே அடுக்களையிலிருந்து தூதாக வந்தது. பிடிக்காவிட்டால் மாலை கடை அடைப்பதற்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். திருப்பினால் மானம் போகும். வைத்துக்கொண்டால் மனைவி பேசமாட்டாள்.

நிறைகளை முதலில் நிறுத்தார். பழைய போனில் நனைந்த துணிபோல் அசைந்துகொண்டிருந்த பேத்தியின் முகம், இப்பேரொளித் திரையில், புதிதாய் முளைத்த பல்லோடு பளிச்சென்று தெரிந்ததைக் கடைக்காரர் காணொளியில் அழைத்துக் காட்டியபோதே கண்டிருந்தார். அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார், யாரும் நம்பவில்லை. ஒருமுறை மின்னமுது பருகினால் இரு பகல் சோராது. குறைகளோ, சட்டைப்பைக்கு வெளியே பாதியுடல் நீட்டி எட்டிப்பார்க்கும், சோப்புக்கட்டிபோல் வழுக்கும். அவற்றைப் பொறுத்தருளினார்.

உடையவன் விரலுக்கன்றி வேறெவர்க்கும் திறவாத பூட்டையே அவர் தலையாய குணமென்று கொண்டார். அடுக்களைப் பக்கம் திரும்பி, வீடதிர முழங்கினார்:

"இது என் போன். நான் கை வெச்சாத்தான் தொறக்கும்."

முழங்கியவர் ரேகையைப் பதிக்கக் கட்டைவிரலை ஊன்றினார். கைப்பேசி ஏற்கவில்லை. ஆள்காட்டி எனும் படைத்தலைவன் சென்று மடிந்தான், நடுவிரல் நெடியோன் சென்று மடிந்தான், மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒருங்கே சென்று ஒருங்கே மீண்டன, கழுவியும் துடைத்தும் ஊதியும் எண்ணெய் தடவியும் இடக்கைச் சேனை முழுவதையும் களமிறக்கியும், 'மீண்டும் முயற்சிக்கவும்' என்ற ஒரே மறுமொழியோடு அக்கண்ணாடிக் கோட்டை அசையாது நின்றது. ஆண்டுக்கணக்கில் சிமெண்டும் மணலும் தின்ற அவ்விரல்கள் அவர் பூசிய சுவர்களினும் வழவழப்பாயிருந்தன. ரேகை என்று ஒன்று மிஞ்சவில்லை.

எண்களைத் தட்டித் திறக்கும் வழியும் இருந்தது. ஆனால் கை வைத்தால்தான் திறக்கும் என்று முழங்கியபின் அவ்வழி செல்வது மானமுடையோர்க்கு அழகன்று. வெயில் சாய்ந்தது. கொத்தனார் கைப்பேசியைப் பெட்டிக்குள் கிடத்தினார். மூடியை எடுத்தார். அந்தப் பல் நினைவுக்கு வந்தது. மூடி கையிலேயே நின்றது.

அப்போது அடுக்களை வாயிலில் மனையாள் தோன்றினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்து, அது கேட்டபோதெல்லாம் பொறுமையாகத் தன் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தாள். அவள் ரேகை பதிந்தது, கோட்டை திறந்தது. மௌனப்போரும் அத்தோடு முடிந்தது.

"பாப்பாவைக் கூப்பிடுங்க," என்றாள். "பல்லு முளைச்சிருக்காமே, நான் இன்னும் பாக்கல."

இப்போதெல்லாம் யாருக்காவது போன் செய்ய வேண்டுமென்றால் அவர், "ஏம்மா, கொஞ்சம் கை வெச்சுட்டுப் போ" என்கிறார்.