துடைப்பத்துக்கு வெள்ளரிக்காய்

பதினோரு ரூபாய் நாற்பது பைசா. 1973-ஆம் வருஷம் தாம்பரத்தில் ஒரு வாரிய அலுவலகம் தன் தினக்கூலி ஆள் சுவிசேஷமுத்துவுக்குப் பட்டிருந்த கடன் இது. கூலிக்காரன் ஆபீசுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்துவிட்ட நாட்டைப் பற்றி யாரும் இனிமேல் குறை சொல்லக் கூடாது.

சூப்பிரண்டு தோத்தாத்ரியின் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே நாடா நாடாவாகப் பச்சைச் செடிகள். மனு கொடுக்க வந்தவர்கள் அவற்றைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பெயர் ‘மக்கள் தொடர்பு’. கண்ணாடியில் பாசி படிந்து மக்கள் தொடர்பு மங்கியபோது, மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு மீன் வரவழைக்கப்பட்டது. உடம்பெல்லாம் கறுப்புத் தகடு, வாய் அடிப்பக்கம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும்.

ஸ்டோர் கிளார்க் கிபாயத்துல்லா அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உயிருள்ளவற்றுக்கு அதில் பக்கம் இல்லை. மீன் சுத்தம் செய்கிறது. ஆகவே ‘துப்புரவுச் சாமான்கள்’ பக்கத்தில், துடைப்பம் பன்னிரண்டுக்கும் பினாயில் ஆறு டின்னுக்கும் கீழே, ‘மீன் - 1’ என்று எழுதிக்கொண்டார்.

மீன் கடமை தவறாதது. பத்தே நாளில் பாசியைத் தீர்த்தது. வேலை தீர்ந்ததும் அதன் சோறும் தீர்ந்தது. பதினோராம் நாள் செடியின் ஓரத்தில் வாய் வைத்தது. தொட்டி துடைக்கும் சுவிசேஷமுத்து அதைப் பார்த்துவிட்டு சூப்பிரண்டு முன்னால் போய் நின்றார்.

“சார், மீனு பசியில கீது. ஒரு துண்டு வெள்ளரிக்கா போட்டா செடியத் தொடாது.”

“அது பாசி திங்கற மீன்யா.”

“பாசிதான் இல்லியே சார்.”

“இல்லேன்னா நன்னா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். பாராட்டணும். தீனி எதுக்கு?”

கிபாயத்துல்லா நல்ல மனிதர். வெளியே வந்து தோளில் கை போட்டார். “முத்தண்ணா, துடைப்பத்துக்குத் தீனின்னு நான் எந்தப் பில்லுல எழுதட்டும்? இப்ப நீ வாங்கிப் போடு. சீட்டு எழுதி வை. அப்புறம் பாத்துக்கலாம்.”

‘அடுத்த மாசம் பர்மனென்ட்’ என்பதைப் பதினெட்டு வருஷமாக நம்பியவருக்கு ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பது கையில் வந்த ரொக்கம் மாதிரி. தினம் ஆறு பைசாவுக்கு வெள்ளரிக்காயோ பூசணிக் கீற்றோ வாங்குவார். வெந்நீரில் வாட்டி, கனத்துக்குப் பழைய போல்ட்டில் கட்டி, விளக்கணைத்துக் கிளம்பும்போது தொட்டியின் அடியில் இறக்குவார். காலையில் முதல் வேலையாக மிச்சத்தை எடுப்பார். விட்டால் தண்ணீர் நாறும். நூற்றுத் தொண்ணூறு நாள். மீன் ஒரு சாண் வளர்ந்தது.

பீர்க்கன்கரணையில் அவர் வீட்டுக் கூரை அதே காலத்தில் ஒரு சாண் இறங்கியிருந்தது. மழைக்கு முன் ஓலை போட்டாக வேண்டும்.

“கூரையில வானம் தெரியுது. ஆபீசு மீனுக்கு வெள்ளரிக்காவா?” என்றாள் மனைவி ஞானம்மாள்.

“அந்தத் துட்டு வந்தா ஓலைதான் மொதல்ல. கவர்மெண்டு துட்டு ஞானம், எங்க போவும்?”

“அதான் நானும் கேக்கறேன். எங்க போவுது?”

ஐப்பசி பிறந்ததும் அவர் சீட்டுகளை அடுக்கி நீட்டினார். சூப்பிரண்டு தலைமையில் மூன்று பேர் கூடி ‘ஆய்வுக் கூட்டம்’ நடத்தினார்கள்.

“துடைப்பத்துக்குச் சாப்பாடுன்னு கணக்கு எழுதினா, நாளைக்குப் பினாயில் காப்பி கேக்கும்,” என்றார் தோத்தாத்ரி. “போகட்டும். மீன் மேல பிரியமாத்தானே போட்டே?”

“ஆமா சார்.”

“பிரியத்துக்குக் கூலி கேப்பியா?”

சுவிசேஷமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. “இல்ல சார்.”

“அப்ப அன்பளிப்புன்னு எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தார். கடன் பைசலானது. இனித் தீனி போடக் கூடாது என்று உத்தரவும் ஆனது. அவர் எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். சாயங்காலம் மழை பிடித்தது. வீட்டில் இருந்த பாத்திரங்களையெல்லாம் ஞானம்மாள் ஒழுகும் இடங்களில் வைத்தாள்.

ஏழாம் நாள் காலை, தொட்டியில் ஒரு செடிகூட இல்லை. வேர்வரைக்கும் தின்றுவிட்டு மீன் கண்ணாடியில் ஒட்டியபடி சூப்பிரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோத்தாத்ரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் உத்தரவு வந்தது: தினம் ஒரு முழு வெள்ளரிக்காய், அலுவலகச் செலவில்.

“அப்ப பழைய பாக்கி சார்?”

“அது பைசலாயிடுத்தே. நீதானே எழுதிக் குடுத்தே?”

“ஆமா சார். ரொம்ப நன்றி சார்.”

மீன் மனு கொடுக்கவில்லை. யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஆறு நாள் பட்டினி கிடந்தது. எதிரே இருந்ததைக் கடித்தது. பதினெட்டு வருஷத்தில் அந்த ஆபீசில் யாருக்கும் கிடைக்காத உத்தரவை வாங்கிவிட்டது. அதைப் போய் ‘பாவம், வாயில்லா ஜீவன்’ என்று நினைத்து ஆறு மாதம் ஊட்டி வளர்த்தவர் சுவிசேஷமுத்து.