வடிகால் இடித்த கோடரிக்கோன்

வாழ்க, பழைய இரும்புக்கடைப் பெருந்தகை வாழ்க! துருவேறிய கம்பியைத் தொட்ட மாத்திரத்தில் எடை சொல்லும் கையன், ஓடாத மின்விசிறியின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் செம்பை வாசலில் நின்றே மோப்பம் பிடிக்கும் மூக்கன், எப்பொருளைக் கண்டாலும் ‘இது எதற்கு?’ என்று கேளாமல் ‘உடைத்தால் என்ன தேறும்?’ என்று கேட்கும் உள்ளத்தன், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு செரிக்குமுன் கணினிமுன் அமர்ந்து உலகாளப் புறப்பட்ட அந்தக் கோடரிக்கோன் கொற்றம் ஓங்குக! தராசுத் தட்டுகளே, நடுநின்ற முள்ளே, அவன் கதையை ஏறாமல் இறங்காமல் சொல்ல அருள்வீராக!

போர் மூண்ட காரணம் கேளீர். அவ்வீட்டுக் குளியலறை வடிகால் அடைத்து மூன்று நாளாகிவிட்டது. குளித்த நீர் போக்கிடம் அறியாது குளமாய்த் தேங்கிற்று. அதற்குள் கைவிடுவது யார்? வீட்டுத்தலைவனா, விடுமுறைக்கு வந்து டேரா போட்டிருந்த மைத்துனனா? இல்லத்தரசி தீர்ப்பளித்தாள்:

“எப்படியும் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் அந்த கேம்தான் ஆடப் போறீங்க. தோத்தவங்க கை விடட்டும். மேல இருந்த பித்தளைச் சல்லடை வேற காணோம். அதுக்கென்ன கால் முளைச்சிடுச்சா?”

கடைசிக் கேள்வி மட்டும் நம் தலைவன் காதில் விழவேயில்லை.

வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கும் மைத்துனன் ஆட்டம் தொடங்கியதுமே முந்திக்கொண்டு பளிங்குத்தூண் பேரரசைத் தன் பக்கமாய் வளைத்துப்போட்டான். எஞ்சியது கோடரிக் குலம்; வடகாட்டுக் குளிரில் தோல் போர்த்துத் திரியும் காட்டுமிராண்டிக் கூட்டம். அக்குலத்துக்குக் கல்லில் ஒன்றும் கட்டத் தெரியாது. மரவேலி, ஆட்டுப்பட்டி, கொல்லுலை, தலைவன் கூடம், அத்தோடு சரி. ஆயினும் அஞ்சினானா அண்ணல்? ஆட்டை விற்றுத் தோல் வாங்கி, தோலை அண்டை நாட்டான் தலையில் இரட்டை விலைக்குக் கட்டி, வந்த பொன்னில் உலையெழுப்பி, உலை ஈன்ற கோடரிகளைத் தூக்க ஆள் சேர்த்து, சேர்ந்த ஆளெல்லாம் சோறு கேட்டு வாய்பிளக்கவே, உழுது ஊட்டுவதைவிட ஊரடித்து உலையில் போடுவதே மேலென்று தெளிந்து, புயலெனத் தெற்கே பாய்ந்து, ஆற்றங்கரையில் நெற்களஞ்சியம் நிறைந்து நின்ற பளிங்கு நகரொன்றை ஒரே மூச்சில் கவர்ந்தான்.

அந்தோ, அங்கேதான் வந்தது வினை! நகரின் ஒவ்வொரு கட்டடத்தின் மேலும் சுட்டியை வைத்தால், இடித்தால் திரும்பக் கிடைக்கும் பொன் எத்தனையென்று திரையில் மின்னியது. இருபத்திரண்டாண்டு இரும்புக்கடை ரத்தம் அதைக் கண்டு சும்மா இருக்குமா? இடிந்தது நாடகக்கொட்டகை, அறுநூறு. சரிந்தது நூலகம், நானூறு. நொறுங்கியது நீராடு மண்டபம், ஐந்நூறு. கடைசியில் மண்ணுக்கடியில் ஓடிய கல்வடிகால், முந்நூற்றிருபது. ‘இதை மீண்டும் கட்ட உங்கள் குலத்தால் இயலாது’ என்று திரை கதறியது. எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் பேரம் நடக்குமா?

“மண்ணுக்கடியில சும்மா கிடக்கிறதுக்கு முந்நூத்தி இருபது பொன்னு மச்சான்! இத விடுறவன் வியாபாரியா?” என்று முழங்கினான் கோன்.

“நல்ல விலை மாமா. விட்டுடாதீங்க,” என்றான் மைத்துனன், தேன் தடவிய குரலில்.

அப்பொன்னால் பெருகியது கோடரிப் பெரும்படை. காட்டாறு கரையுடைத்தாற்போல் பேரரசின் தலைநகரை வளைத்தது. முதல் மதில் விழுந்தது. இரண்டாம் மதிலும் விழுந்தது. மைத்துனன் நெற்றியில் வேர்வை அரும்பியது. இன்னும் ஒரே மதில்! அந்த வேளையில், பின்னே விட்டுவந்த ஆற்றங்கரை நகரில், போக்கற்ற கழிவு தெருவேறி, நாற்றம் மாடமேறி, கொள்ளைநோய் வாள் வீசாமலே வீதி வீதியாய் வென்றுவர, பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குடிகள் பொங்கியெழுந்து, காவலரை விரட்டிக் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டனர். படைக்குப் போன நெல் நின்றது.

“யாராவது ஒருத்தர் சீக்கிரம் தோத்துத் தொலைங்களேன்! தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு!” என்று குளியலறைத் திசையிலிருந்து அசரீரி எழுந்தது.

கோன் வாளை வைத்து வாயை எடுத்தான்.

“மச்சான், ஒரே ஒரு வடிகால். உன் கொத்தனார அனுப்பு. ஆயிரம் தர்றேன்.”

“விக்கிறதில்ல மாமா.”

“ஆயிரத்தி இருநூறு. ரெண்டு ஆட்டுப்பட்டியும் சேத்துக்கோ.”

“பட்டியில ஆடு எங்க மாமா இருக்கு? அததான் மொதல்லயே வித்துட்டீங்களே!”

பொன் இருந்தது, பொன்னை மென்று எந்தக் கோடரிக்காரன் பசியாறுவான்? வெயில்பட்ட பனியாய்ப் படை கரைந்தது. மூன்றாம் மதில் ஒரு கீறலுமின்றிப் பல்லிளித்து நின்றது.

தோற்றும் தலைதாழாத் தலைவன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, குளியலறைக் குளத்தில் மண்டியிட்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, பாதாளத்துள் வலக்கரம் செலுத்தி, பகைவர் குடலை உருவுவான்போல் நீண்டதொரு மயிர்ச்சுருளையும், அதில் சிக்கிய சோப்புத் துண்டையும், பற்பசை மூடிகள் நான்கையும் வெளியே இழுத்தான். கடலுண்ட முகிலென முழங்கி நீர் இறங்கியது.

“சல்லடை இருந்திருந்தா இதெல்லாம் உள்ள போயிருக்குமா? எடுத்தது யாருன்னு மட்டும் தெரியட்டும்!” என்றாள் இல்லத்தரசி, கையில் துடைப்பத்தோடு.

கதவோரம் சாய்ந்திருந்த மைத்துனன் விட்டத்தைப் பார்த்தபடி கேட்டான்: “ஏன் மாமா, அந்தச் சல்லடை என்ன எடை இருக்கும்?”

“முந்நூத்தி இருபது கிராம்,” என்றது, உடையவனைக் கேளாமலே, இருபத்திரண்டாண்டு பழகிய நாக்கு.

துடைப்பம் பாதியில் நின்றது. தராசு முள்ளும் அசையவில்லை.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில் இரும்புக்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் சல்லடை வாங்கினார்.