மறப்புத் தேர்வும் ஒரு பொன்னாடையும்

“காய்ச்சலுக்கு என்ன கஷாயம்?”

“நிலவேம்பு.”

“பார்த்தாயா, இன்னும் மறக்கவில்லை. தோல்வி” என்று பதிவாளர் ஏடகநாதர் மேஜையைத் தட்டினார்.

“கேட்டா வாயில வரத்தானே செய்யும்? நீங்களே கேட்டுட்டு நீங்களே தோல்விங்கறீங்க. இது எந்த ஊர் நியாயம்?” என்று செண்பகவடிவு போட்ட சத்தத்தில், மேற்கரைக் கல்லூரி மதில்மேல் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. தெருவில் போனவர்கள் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

விஷயம் இதுதான். இருகரை நாட்டில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லூரி, அந்தப் பக்கம் ஒரு கல்லூரி. கீழ்க்கரையில் இரண்டு வருஷம் வைத்தியம் படித்த செண்பகவடிவு, மேற்கரையில் தறி நெய்கிற தாய் வேலம்மைக்குக் கண் மங்குகிறதென்று இங்கே வந்துவிட்டாள். மிச்சம் ஒரு வருஷம். அதை முடித்தால் வைத்தியசாலையில் வேலை, தாய்க்குத் தறியிலிருந்து விடுதலை. முதலிலிருந்து படி என்றால் அந்தக் கண் அதுவரை தாங்காது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. அக்கரையில் படித்தது இக்கரையில் பாதிதான் செல்லும் என்று முதலில் ஓர் ஆணை போட்டது. எந்தப் பாதி என்று சொல்ல ஆள் கிடைக்காததால், எதுவுமே செல்லாது என்று அடுத்த ஆணை வந்தது. தெரிந்ததையே மறுபடி கற்பித்தால் கஜானாவுக்கு நஷ்டமாயிற்றே? ஆகவே மூன்றாவது ஆணை: கரை மாறுகிறவர் எவரும், படித்ததை மறந்துவிட்டதாகத் தேர்வில் நிரூபித்துத்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் இதுவரை ஒருவரும் தேறவில்லை.

மூன்றிலும் முத்திரை வைத்தவர் கல்வி அமைச்சர் திருமேனியார். அவரே கீழ்க்கரைக் கொக்குக் கட்சிக் கூடாரத்திலிருந்து மேற்கரை மயில் கூடாரத்துக்கு மாறி வந்தவர்தான். அதற்கு வேறொரு பழைய சட்டம் இருந்தது. இடம் மாறுகிறவருக்கு, சேருகிற இடத்து ஆள் ஒருவர் பொன்னாடை போர்த்திவிட்டால் பதவி, அனுபவம், மரியாதை எல்லாம் அப்படியே கூட வரும். பழைய குற்றங்கள் மட்டும் அக்கரையிலேயே தங்கிவிடும். அந்தச் சட்டத்தை மாணவர்களும் எடுத்து நீட்டலாம் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பொன்னாடைகளை நாட்டிலேயே நெய்தவள் வேலம்மை ஒருத்திதான். மகள் அழுத முகத்தோடு வந்து நடந்ததைச் சொன்னதும் அவள் தறியை நிறுத்தாமலே சிரித்தாள்.

“நான் நெய்ஞ்சதப் போத்திக்கிட்டவன் ஒருத்தனும் ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஆரம்பிக்கலையேடி. நீயும் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போயேன்.”

கேலியாகத்தான் சொன்னாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் செண்பகவடிவு பதிவாளர் முன் பொன்னாடையை நீட்டினாள். ஏடகநாதரோ வருகிற போகிற பிரமுகர்களுக்கெல்லாம் போர்த்திப் போர்த்தியே உத்தியோகத்தில் உயர்ந்தவர். யார் நீட்டினாலும் கை தானாக வாங்கும். எழுந்தார், விரித்தார், அவள் தோளில் போர்த்தினார். குமாஸ்தாக்களும் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். பிறகுதான் போர்த்தியது ஒரு மாணவிக்கு என்று எல்லாருக்கும் உறைத்தது.

சேதி கேட்டு அமைச்சரே பல்லக்கில் வந்து இறங்கினார். “செல்லாது. மாணவிக்கு ஏது பொன்னாடை?”

செண்பகவடிவு குரலைத் தாழ்த்தினாள். “சரிங்க ஐயா. ஆனா உங்க தோள்ல விழுந்ததும் எங்கம்மா தறியில நெய்ஞ்சதுதான். இது செல்லாட்டி அதுவும் செல்லாமப் போயிடுமேன்னுதான் கவலையா இருக்கு.”

அமைச்சர் கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “எக்கரையில் கற்றால் என்ன, கல்வி கல்விதானே? பொன்னாடையோடு வரும் மாணவருக்கு மறப்புத் தேர்வு கிடையாது. இது எமது நெடுநாள் கனவு” என்றார். திட்டத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. மாலைக்குள் ஊரெங்கும் நன்றி சொல்லிப் பதாகை கட்டிவிட்டார்கள்.

செண்பகவடிவின் நன்றி வேறு பக்கம் இருந்தது. எல்லாம் பழக்கதோஷம் என்று ஏடகநாதர் கடைசிவரை சாதித்தார். அப்படியானால், போர்த்திய பிறகு சரிகை முன்னால் தெரிகிற மாதிரி இழுத்துவிட்டு, “நல்லாயிரு தாயி” என்று அவர் எதற்கு முணுமுணுத்தார்? அவள் காதில் அது விழுந்திருந்தது. இன்றைக்கும் அவருடைய மூட்டுவலிக்குத் தைலம் அவள் கையால்தான் காய்ச்சிப் போகிறது.

அவள் படிப்பை முடித்தாள். வேலம்மை தறியைவிட்டு இறங்கினாள். மகள் விடுகிற கண்மருந்தில் இப்போது தெருக்கோடியில் வருகிறவரைக்கூட அடையாளம் சொல்கிறாள். அன்று எல்லாரும் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டே இருந்த குமாஸ்தா இளமாறனைச் செண்பகவடிவு கல்யாணம் செய்துகொண்டாள்.

திருமேனியார் அடுத்த மழைக்காலத்தில் கொக்குக் கூடாரத்துக்கே திரும்பக் கிளம்பினார். தறி நின்றுவிட்டதால் பொன்னாடை கிடைக்கவில்லை. பொன்னாடை இல்லாதவர் தேர்வுக்கு உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? நாட்டில் அந்தத் தேர்வை நடத்துகிறவர் ஏடகநாதர் ஒருவர்தான் என்பதால் அவரே கேள்வி கேட்டார்.

“மயில் கூடாரத்தில் மக்களுக்குத் தாங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள்?”

“எந்தக் கூடாரம்?”

“இந்த மறப்புத் தேர்வைக் கொண்டுவந்தவர் யார்?”

“அப்படி ஒன்று இருக்கிறதா என்ன?”

நாட்டிலேயே முதன்முதலாக ஒருவர் தேறினார், அதுவும் முதல் வகுப்பில். அன்றே அக்கரைக்குக் குடிபோய்விட்டார்.