சொல்பேச்சு கேளாத வயிறு

லிஃப்டில் லோகநாயகி மாமியோடு இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் ராமானுஜத்தின் வயிறு முதல் தடவையாக உறுமியது.

"முடியலேன்னா ஒரு வாய் மோர் குடிச்சிடுங்கோ. யாரும் தப்பா நினைக்க மாட்டா" என்றாள் மாமி, படூர் குடியிருப்பு மொத்தமும் தப்பாகத்தான் நினைக்கும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

"எனக்கா? என் உடம்பு என் பேச்சைத் தாண்டாது, மாமி!"

விஷயம் இதுதான். ஏகாதசிக்கு ஏகாதசி பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பவள் மாமி. அந்தப் பெருமையிலேயே, நெற்றியில் விபூதியும் கையில் மைக்குமாக, பஜனை மண்டலித் தலைமையை யாருக்கும் விடாமல் வைத்திருந்தாள். போன ஏகாதசியன்று ராமானுஜம், திருமண் இட்ட நெற்றியை நிமிர்த்தி, "இதென்ன பிரமாதம்? அடுத்த ஏகாதசிக்கு நானும் இருந்து காட்டறேன்" என்று சவால் விட்டுவிட்டார். ஜெயித்தால் மைக் அவருக்கு. தோற்றால் அசோசியேஷன் வாட்ஸப்பில் ஆயுசுக்கும் கிண்டல்.

மறுபடி மேலே ஓடினார். மனைவி ரங்கநாயகி உயிரியல் டீச்சர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள் என்பதால் விரதமெல்லாம் கிடையாது. இட்லியை விண்டபடி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ரங்கா, வயித்தை எப்படி அடக்கறது?"

"முடியாதுன்னா. கைகால்ல இருக்கறது எலும்புத்தசை. நீங்க சொன்னா கேக்கும். வயித்துல இருக்கறது மென்தசை. உள்ள ஒண்ணும் இல்லேன்னாலும் பிசைஞ்சிண்டேதான் இருக்கும். உங்களை ஒரு வார்த்தை கேக்காது."

"உன்னை மாதிரின்னு சொல்லு."

"நான் இதயத்தசை. அதுவும் யாரையும் கேக்காது. ஆனா ஒருநாள்கூட லீவு போடாது."

கடற்காற்று வாங்கினால் பசி மறக்கும் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முட்டுக்காட்டுக்குப் போனார் மனுஷர். பசியை மறக்க யாராவது பஜ்ஜிக் கடை இருக்கும் இடமாகப் பார்த்துப் போவார்களோ?

"இன்னா சார், வாடிப் போய் கீறே?" என்றாள் கடைக்கார அம்சா. "எண்ணெய் காய்ஞ்சிகினு கீது. சூடா ஒரு பிளேட்டு போடட்டா?"

வேண்டாம் என்றுதான் வாய் சொன்னது. சொன்ன பேச்சைக் கேட்கும் எலும்புத்தசை அல்லவா கையில் இருந்தது? அது வயிறு சொன்னதைக் கேட்டுத் தட்டை வாங்கிக்கொண்டது. நாலு மிளகாய் பஜ்ஜி, மேலே வெங்காயம் தூவி.

வாசனை போக வேண்டுமே! திரும்பி வந்து, அசோசியேஷன் தோட்டத்துத் துளசிச் செடியை மொட்டையடித்து மென்றார். அவசரமாக விழுங்கியதில் விக்கல் பிடித்துக்கொண்டது. மூச்சை அடக்கிப் பார்த்தார். விக்கல் ஒரு கட்டை ஏறி ஒலித்தது.

"விக்கல் போடறது நுரையீரலுக்குக் கீழே இருக்கற உதரவிதானம். அதுவும் எலும்புத்தசைதான்னா" என்றாள் ரங்கநாயகி, விக்கலோடு வீட்டுக்குள் நுழைந்தவரிடம். "சொன்னா கேக்கற ரகம். இப்போ அதுவும் கட்சி மாறிடுத்து."

சாயங்காலம் பஜனை நடந்த ஹாலில் நாமாவளிக்கு நடுநடுவே 'ஹிக்' 'ஹிக்' என்று தாளம் போட்டார்.

"அங்கிள், கொஞ்சம் தண்ணி குடிங்களேன்" என்றாள் மூணாவது மாடி மேக்னா.

"கூடாது! விரதம்... ஹிக்!"

கூட்டம் உருகிவிட்டது. லோகநாயகி மாமிக்கே கண் கலங்கியது.

"வெறும் வயித்து விக்கல். நான்கூட இவ்வளவு கஷ்டப்பட்டதில்லே. தோத்துட்டேன், மாமா. இனிமே மைக் உங்களுக்குத்தான்."

மைக்கை வாங்கி நெஞ்சருகே பிடித்தார். உள்ளே லீவு போடாத அந்தத் தசை அடித்த அடி, ஸ்பீக்கரில் கேட்டுவிடுமோ என்றிருந்தது. தாங்கவில்லை.

"நான் பாவி! முட்டுக்காட்டுல... மிளகாய் பஜ்ஜி... நாலு!" என்று கதறினார்.

விக்கல் சட்டென்று நின்றுவிட்டது. ஹாலே நின்றுவிட்டது. மாமி மைக்கை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ வாட்ஸப்பைத் திறந்தாயிற்று.

அப்போதுதான் பிரசாதத் தூக்கோடு உள்ளே நுழைந்த பெருமாள் கோயில் பட்டர், ஸ்பீக்கரில் வந்த கதறலை மட்டும் கேட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் கேட்டார்:

"அதுக்கேன் மாமா அழறேள்? மாமி மாதிரி விபூதி இட்டுக்கறவாளுக்குத்தான் இன்னிக்கு ஏகாதசி. திருமண் இட்டுக்கற நமக்கு நாளைக்குத்தானே!"