கிச்சிலியின் அதே ருசி

"இல்லை சார், இது அது இல்லை." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கம்பெனியின் சுவைக்கூடத்தில் ருசிகளைக் கலந்து பார்ப்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், நம்ம கம்பெனியோட பழைய செய்முறையை அப்படியே செஞ்சிருக்கேன். ஒரு சிட்டிகைகூட மாத்தலை."

"சின்ன வயசுல தினமும் சாப்பிட்டவ நான். எனக்குத் தெரியாதா?"

எப்போதோ நின்றுபோன 'கிச்சிலி'யை, ஆரஞ்சு மணக்கும் அந்தக் குழந்தைகள் கார்ன்ஃப்ளேக்ஸை, மறுபடி கடைக்குக் கொண்டுவரலாம் என்று முதலாளியம்மாவிடம் அடித்துப் பேசியவளே அவள்தான். 'உங்கள் குழந்தைப் பருவத்தின் அதே ருசி' என்ற விளம்பர வரியும் அவளுடையது. நாளைக் காலை முதலாளியம்மா ருசி பார்க்க வருகிறார். பிடிக்காவிட்டால் கிச்சிலியோடு அவள் வேலையும் போய்விடும்.

கண்ணை மூடினால் போதும், எல்லாம் வந்துவிடும். டப்பாவில் சிரிக்கும் கிளி. கிண்ணத்தில் மெல்ல மஞ்சளாகும் பால். காலையெல்லாம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பறக்கும் அம்மா, அப்போது மட்டும் கடைசிக் கரண்டிவரை எதிரே உட்கார்ந்திருப்பாள். அம்மா முழுசாகத் தனக்கே கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

"கடைசியில லேசா ஒரு கசப்பு வரும் சார்."

"குழந்தைங்க சாப்பிடுறதுல கசப்பா?" முணுமுணுத்தபடியே ஆரஞ்சுத் தோலை அரைத்துச் சேர்த்தார். பால் திரிந்துபோனது. திரியாமலிருக்க ஏதோ ஒரு பொடியைப் போட்டார். சோப்பு வாடை அடித்தது. வாடையை அமுக்க எசன்ஸைக் கொட்டினார்கள். இருவர் நாக்கும் ஆரஞ்சுப் பெயின்ட் அடித்ததுபோல் ஆனது.

"இந்த நாக்கோட வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி என்ன நினைப்பா?"

"வாயே திறக்காதீங்க சார். அவங்களுக்கும் நிம்மதி."

வேறு வழி தோன்றாமல் அம்மாவுக்கே போன் போட்டாள். கைப்பையை அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்த அம்மா, முதலில் செய்ததையும் கடைசியில் செய்ததையும் ஒவ்வொரு வாய் சாப்பிட்டாள்.

"சொல்லும்மா, ரெண்டுல எது நம்ம கிச்சிலி?"

சுவைக்கூடத்துக்காரர் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"எனக்கெப்படிடி தெரியும்? உங்க அத்தை வீட்டுலேர்ந்து வந்தது காலி டப்பாதான். டானிக்னாலே நீ கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குவ, அதான் வெறும் கார்ன்ஃப்ளேக்ஸை அந்த டப்பாவுல கொட்டிவச்சு, தினமும் பாலுல ரெண்டு மூடி டானிக் கலந்து குடுத்தேன்!"