தள்ளுபடி அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மட்டும் நூற்றாண்டு தெரியாமல் யாரும் வாயைத் திறக்க முடியாது. காரணம், தள்ளுபடி அண்ணாச்சி. புதிதாகக் குடிவருபவர்கள் ஜவுளிக்கடைக்காரர் என்று நினைத்து, ஆடிக்கு எத்தனை சதவீதம் என்று விசாரிப்பார்கள். அவர் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேதாகமத்தில் சேர்க்காமல் தள்ளிவிட்ட பழைய கிறிஸ்தவ நூல்களைத் தேடித் தேடிப் படிப்பவர். அவற்றைத் தள்ளுபடி ஆகமங்கள் என்பார்கள்; பெயர் அப்படி வந்தது.

படிப்பதோடு விட்டால் பரவாயில்லை. எது எங்கே, எப்போது எழுதப்பட்டது என்று எதிரில் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். தோமா நற்செய்தி எகிப்தில் ஒரு ஜாடிக்குள் கிடைத்த கதை எங்கள் பால்காரருக்குக்கூடத் தெரியும். அந்தப் பிரதி நாலாம் நூற்றாண்டு, மூலம் ரெண்டாம் நூற்றாண்டா அதற்கும் முந்தியதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை என்று அண்ணாச்சி விளக்க, பால்காரர் தலையாட்டிக்கொண்டே அரை லிட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்குச் சபையில் நடந்த நாடகத்தின் நடுவில் அண்ணாச்சி எழுந்து நின்றார். தொழுவத்தில் மாடும் கழுதையும் நின்றதாக நாலு சுவிசேஷத்திலும் இல்லை, பல நூற்றாண்டு கழித்து எழுதின புத்தகத்தில்தான் வருகிறது என்றார். மாட்டு வேஷத்தில் இருந்தவர் சபைச் செயலாளர். மேடையிலேயே கொம்பைக் கழற்றிவிட்டார்.

அடுத்த வாரம் சபைக் கமிட்டி கூடியது. அண்ணாச்சியைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கத் தீர்மானம் தயாராக இருந்தது. அவருக்கு அந்தக் குழு உயிர். துணைக்கு நானும் போனேன்.

"நான் இத வேதம்னு சொல்லலை வே. எப்ப எழுதினதுன்னுதான் சொல்லுதேன்" என்றார்.

இந்த வயதில் இதென்ன கிறுக்கு என்று செயலாளர் கேட்டார். அண்ணாச்சி மேசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எம் பையன் அஞ்சு வயசுல காய்ச்சல்ல போயிட்டாம்லா. இயேசு அஞ்சு வயசுல என்ன செஞ்சாருன்னு பாக்கணும்போல இருந்துச்சு. நாலு சுவிசேஷத்துலயும் அது இல்ல. வெளியதான் தேட வேண்டியிருந்துச்சு."

"கெடச்சுதா?" என்று குருவானவர் பையக் கேட்டார்.

"கெடச்சுது ஐயா. ரெண்டாம் நூற்றாண்டுப் புத்தகம்ங்காவ. ஓடைக்கரையில களிமண்ணப் பிசைஞ்சு குருவி செஞ்சு விளையாடுதாரு. நடந்துச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் காலத்துலயே யாரோ ஒருத்தர் அந்தப் பிள்ளைய நெனச்சுப் பாத்திருக்காவ."

செயலாளர் தீர்மானக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த ஞாயிறு பாடகர் குழுவில் அண்ணாச்சி வழக்கம்போல மற்றவர்களைவிட ஒரு வரி முந்திப் பாடினார்.

அண்ணாச்சியின் பையன் இருந்திருந்தால் என்னைவிட ஒரு வயது சின்னவன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.