புகை வரி உண்டியல்

உண்டியலைக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தார் அர்த்தநாரி. ஒற்றை ரூபாய்கூட விழவில்லை. நாளைக்கு கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அம்மா வருகிறார்.

வீரபாண்டியில் உள்ள அந்த பனியன் கம்பெனிக்கு அவர் மேனேஜர். போன மாதம் பையரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. எங்கள் நாட்டில் பெட்ரோலுக்கு வரி போட்டு வண்டிப் புகையைக் குறைக்கிறோம், நீங்களும் உங்களால் ஆனதைச் செய்யுங்கள், செய்தால்தான் அடுத்த ஆர்டர். முதலாளி திருமூர்த்தி அதை அப்படியே அர்த்தநாரி தலையில் கட்டிவிட்டார். ஆர்டர் போனால் இருநூறு பேருக்கு வேலை போகும். அதில் முதல் ஆள் தானே என்பதில் அர்த்தநாரிக்குச் சந்தேகமே இல்லை.

ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வீடு வீடாக வரி வசூலித்துப் பேர் வாங்கியவர் அவர். வரி என்றால் அவருக்கு வசூல்தான். கேட்டில் ஓர் உண்டியலை வைத்து, உள்ளே வரும் பைக்குக்கு இரண்டு ரூபாய் என்று போர்டு எழுதினார். மேனேஜர் பைக்குக்கு மட்டும் விலக்கு. சட்டம் போட்டவருக்கு அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

முதல் வாரம் உண்டியல் கனத்தது. மறுவாரம் பாதியானது. ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டி வரியை ஐந்தாக்கினார். வசூல் இன்னும் குறைந்தது. பத்தாக்கினார். அடியோடு நின்றுபோனது.

அவர் பைக்கைத் தவிர வண்டி ஷெட்டும் காலி. வெளியே எங்கேயோ ஒளித்து வைக்கிறார்கள் என்று டீக்கடைப் பின்புறம், கோயில் வேப்பமரத்தடி, சாயப்பட்டறைச் சந்து எல்லாம் வேர்க்க விறுவிறுக்கத் தேடினார். ஒரு பைக்கும் அகப்படவில்லை. இத்தனை கெட்டிக்காரர்களை வைத்துக்கொண்டா கம்பெனி நடத்துகிறோம் என்று மலைத்துப்போனார்.

வாட்ச்மேன் கன்னையனைப் பிடித்தார். "வசூல் எங்கய்யா போச்சு?"

"அதுங்க சார், எல்லாருமே இப்ப..."

"கதையெல்லாம் வேண்டாம். உண்டியல் நெறையோணும்."

வாட்ச்மேன்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நேராக பேங்குக்குப் போய் ஆயிரம் ரூபாயைச் சில்லறையாக மாற்றிவந்து, கன்னையன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே உண்டியலில் கொட்டினார். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் வந்த பையர் அம்மா உண்டியலைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. கூட வந்த, கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சித்ரகலாவிடம் ஏதோ சொன்னார்.

"இன்னும் இத்தன வண்டி வருதான்னு கேக்கறாங்க சார். வரி போட்டா வண்டி கொறையோணுமாம். உண்டியல் நெறைஞ்சா புகை கொறையலைன்னு அர்த்தமாமுங்க."

அர்த்தநாரி அவசரமாகக் கணக்குப் போட்டார். தான் போட்ட காசு என்றால் பித்தலாட்டம். இல்லையென்றால் தோல்வி. இருநூறு பேரும் ஜன்னல் வழியாகத் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பாவம், நிஜமாகவே அழுகை வந்தது.

அம்மா கையிலிருந்த நோட்டை மூடினார். போகிற போக்கில், இதெல்லாம் யார் யார் கட்டியது என்று வாட்ச்மேனிடம் கேட்கச் சொன்னார்.

இந்த முறை கன்னையனைக் குறுக்கே மறிக்க ஆளில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"பூராவும் மேனேஜர் சார் ஒருத்தர் கட்டுனதுங்க. வண்டியில வர்றது இப்ப அவரு ஒருத்தருதானுங்க, மத்த அத்தன பேரும் பஸ்ஸுலதான் வர்றாங்க."